தகவல் தொழில்நுட்பப் பணிக்கு ஆற்றுப்படுத்தல்: தமிழ் மாணவர்பொருட்டுச் சில கருத்துகள்

ஆற்றுப்படை என்னும் துறைக்குத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்த இலக்கணத்தை ஊன்றி நோக்குவார்க்கு மூன்று செய்திகள் விளங்கும். வழிகாட்டுவோன் தான் முன்னரே அவ்வழியிற் சென்று வளம் பெற்று மீள்பவன் என்பது ஒன்று. அவன் ஆற்றுப்படுத்துவது பெரும்பாலும் தன் தொழிலினரையே என்பது மற்றொன்று. இருவரும் எதிர்ப்படும் இடம் அரசவையோ பள்ளியோ அன்று, இடைவழி என்பது மூன்றாவது. பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை வீட்டுநெறி பற்றியதாதலின் அதனை விலக்கி, ஏனைய நான்கனையும் நோக்கின் இம்மூன்றும் பொருந்தி வருதல் காணலாம். அறிவிற் சிறந்த ஒருவன் அறியாதான் ஒருவனுக்கு அறிவுரை கூறுதல் ஆற்றுப்படையாகாது. பசியறிந்த பாணன் பசித்த பாணனுக்கு வழி கூறுதலே ஆற்றுப்படையாம்.

இப்பழைய துறையை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் இக்காலத்து ‘மென்டர்’ என்னும் சொல் பெரிதும் வழங்குகின்றது. இளைஞர் ஒருவரைத் தொழிலுக்கு ஆயத்தம் செய்யும் மூத்தோரை அது குறிக்கும். அச்சொல் ஓமர் இயற்றியதாகக் கூறப்படும் ஒடிசி என்னும் கிரேக்கக் காப்பியத்தில் வரும் முதியவன் ஒருவனின் பெயர். ஒடிசியசு போர்மேற் செல்லுங்கால் தன் மனையை அவன்பால் ஒப்படைத்துச் சென்றான். ஆயின் காப்பியத்தில் ஒடிசியசின் மகனுக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் அம்முதியவன் அல்லன். அவன் உருவம் தாங்கி வந்த அதீனா என்னும் தெய்வமே. தெய்வம் காட்டும் வழிக்கும் உடன்தொழிலோன் காட்டும் வழிக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. தமிழ் மாணவரைத் தகவல் தொழில்நுட்பப் பணிக்கு ஆயத்தம் செய்வதில் நமக்கு வேண்டுவது முன்னதோ பின்னதோ என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

தமிழ் முதுகலை பயின்றார்க்கு ஆசிரியப் பணி, பதிப்பகம், இதழியல், அரசுப் பணித் தேர்வு ஆகியவையே நெடுங்காலம் வாயில்களாக இருந்தன. கணிப்பொறி அவ்வாயில்களோடு மற்றொன்றைச் சேர்த்தது. 1998-இல் மதுரைத் திட்டம் தொடங்கித் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெறலாயின. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாகத் தமிழ்-99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அதே ஆண்டில் தரமணியில் டைடல் பூங்காவும் திறக்கப்பெற்றது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டு, பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிற்று. 2010-இல் தமிழக அரசு யூனிக்கோடு முறையை ஏற்றது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவரைத் தொழிற்றிறனுக்கு ஆயத்தம் செய்வதையே நோக்கமாகக் கொண்டது. வாயில் திறந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் மாணவருட் பலர் அவ்வாயிலின் முன்னின்று, உள்ளே தமக்கு இடமுண்டோ என்று அறியாது மயங்குகின்றனர். அவருட் பலர் தம் குடியில் முதன்முதற் பட்டம் பெறுவோர். வினவித் தெளிதற்கு இல்லத்தில் எவரும் இலர்.

இத்தகைய மாணவர்க்குப் பொதுவாகக் கூறப்படும் அறிவுரை ‘பைத்தான் கற்றுக்கொள்’ என்பதே. பைத்தான் என்பது கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளுள் எளியது, கற்றல் நன்றே. ஆயின் இவ்வறிவுரை குறையுடையது என்று யாம் கருதுகின்றோம். பொறியியல் பயின்ற மாணவன் நான்கு ஆண்டு அதனையே பயின்று வருகின்றான். அவனோடு அத்துறையில் மட்டும் போட்டியிடுமாறு தமிழ் மாணவனை ஏவுதல், யாழ் வல்ல பாணனை மற்போர்க்கு அனுப்புதலை ஒக்கும். தமிழ் மாணவன் கொண்டுசெல்லும் பொருள் வேறு. அப்பொருளுக்கு அச்சந்தையில் விலையுண்டு என்பதனையும், அதனை எவ்வடிவிற் கொடுத்தால் கொள்வர் என்பதனையும் காட்டுதலே வழிகாட்டுவோன் கடன்.

அப்பொருள் யாதெனின், மொழியறிவு. எவ்வடிவிற் கொடுத்தல் வேண்டும் எனின், எந்திரத்திற்கும் விளங்குமாறு எஞ்சாமற் கூறும் வடிவில். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

மரம் என்பதனோடு ஐயுருபு சேர்ந்தால் மரத்தை ஆம். மகர இறுதி கெட்டு அத்துச் சாரியை வரும் என்பது நம் மாணவர் இளமையிலேயே அறிந்தது. இனி இவ்விதியைக் கணிப்பொறிக்கு எழுதுமாறு அம்மாணவரை ஏவுவோம். ‘மகர ஈற்றுச் சொல்லாயின் மகரத்தை நீக்கி அத்தைச் சேர்’ என்று அவர் எழுதுவர். உடனே எந்திரம் நாம் என்பதனை ‘நாத்தை’ என்றும், எல்லாம் என்பதனை ‘எல்லாத்தை’ என்றும் ஆக்கும். நம்மை, எல்லாவற்றை என்பனவே முறை என்பதை மாணவர் அறிவர். ஆகவே அவற்றை விலக்கி எழுதுவர். அடுத்து வந்தோம் என்னும் வினைமுற்று வந்து நிற்கும். இலக்கண நூலார் பெயர்க்குக் கூறியதை வினைக்குக் கொள்ளார் என்பது மனிதனுக்குத் தெரியும், எந்திரத்திற்குத் தெரியாது. பின்னர்ச் சலீம், ராம் என்னும் இயற்பெயர்கள் வரும். அவை சலீமை, ராமை என்றே ஆகும். ‘குற்றகரத்தை அடுத்த மகரமாயின் அத்து, நெட்டுயிரை அடுத்ததாயின் இல்லை’ என மாணவர் விதியைத் திருத்துவர். திருத்திய விதி ஆல்பம் என்னும் வேற்றுமொழிச் சொல்லையும் ஆல்பத்தை எனச் செவ்வனே ஆக்கும். மகிழ்ந்திருக்குங்கால் இஸ்லாம் என்னும் சொல் எதிர்ப்படும். அது நெடிலை அடுத்த மகரமேயாயினும் இஸ்லாத்தை என்னும் வழக்கே தமிழ் முசுலிம்களிடையே பெருகியது. ரம் என்னும் மதுப்பெயரோ குற்றகரத்தை அடுத்ததாயினும் அத்துப் பெறாது, தனிக்குறிலின் பின் ஒற்று இரட்டித்து ரம்மை என நிற்கும். வில்லியம் என்னும் ஆங்கிலேயன் பெயர்க்கு வில்லியமை என்பாரும் உளர், வில்லியத்தை என்பாரும் உளர். இரண்டனுள் எதனை எந்திரம் ஆக்குதல் வேண்டும்? இரண்டனையும் ஏற்று ஒன்றனை ஆக்குதல் வேண்டும் என்னும் முடிபிற்கு மாணவர் வருவர். ஏற்றலும் ஆக்கலும் வேறு வேறு தொழில் என்னும் கருத்து அப்பொழுதுதான் அவர்க்குப் புலனாகும்.

இவ்வளவும் ஒரு சாரியை பற்றியது. இதனைச் செய்து முடித்த மாணவர் நன்னூலை மறந்தவர் அல்லர். நன்னூல் தம் மாணாக்கரின் மொழியுணர்வின்மேல் எவ்வளவு பொறுப்பை வைத்துச் சுருங்கக் கூறிற்று என்பதைப் புதிதாக உணர்ந்தவர். கணிப்பொறி ஒருவகையில் மிக மந்தமான மாணாக்கன். பவணந்தியார் மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி வரை எட்டு உவமைகளால் வகுத்தார். மொழியுணர்வு சிறிதும் இன்றிச் சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் இப்புது மாணாக்கனுக்கு அவ்வெட்டனுள் எதுவும் ஒவ்வாது. இவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியனாகத் தமிழ் மாணவரை ஆக்குதலே இப்பயிற்சியின் உட்பொருள் என்க.

சொல்லாக்கக் கருவி ஒன்றே இத்தொழில் என்று கொள்ளற்க. மென்பொருள்களின் திரைச்சொற்களைத் தமிழாக்கும் பணி, உள்ளூராக்கம் எனப்படும், பலர்க்கு முதல் வாயிலாக அமைவது. இதனை மொழிபெயர்ப்பு என்று எண்ணிப் புகுவோர் விரைவில் இடர்ப்படுவர். ஒருவர் மற்றொருவரைக் குழுவிற் சேர்த்தார் என்னும் செய்தியில் பெயர்கள் வருமிடத்தை நிரல் எழுதுவோர் வெற்றிடமாக விட்டிருப்பர். மொழிபெயர்ப்போர் அவ்வெற்றிடத்தின் பின் ஐயுருபை எழுதுவர். மென்பொருள் இயங்குங்கால் திரையில் ‘முருகன்ஐ’, ‘வள்ளிஐ’ என்று வரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வேற்றுமையால் திரிவதில்லையாதலின் நிரலாளர் இதனை எண்ணியிரார். தமிழ் மாணவர்க்கோ இது புணர்ச்சி பற்றிய வினா. வெற்றிடத்தின் பின் ‘என்பவரை’ என்று எழுதினால் உருபேற்பது பெயரன்று, என்பவர் என்னும் சொல்லே. பெயர் எவ்வீற்றினதாயினும் இடரில்லை. அன்றிச் ‘சேர்க்கப்பட்டவர்’ என்று முன்வைத்துப் பெயரை எழுவாய் வடிவிலேயே நிறுத்தலும் ஆம். எண்ணொடு வரும் பெயர்க்கும் இஃதொக்கும். 1 கோப்புகள் என்று திரையில் வருவது நகைப்பிற்கிடமாம். அஃறிணைப் பெயர் பால்பகாது நிற்கும் என்பதனை அறிந்தவர் 1 கோப்பு, 5 கோப்பு என எழுதி அவ்விடரை எளிதிற் கடப்பர். இலக்கண அறிவு ஒரு நிறுவனத்தின் ஒரு வாரப் பணியை மிச்சப்படுத்தும் இடம் இது. நேர்காணலிற் கூறத்தக்கதும் இதுவே என்று மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். நேர்காணலில் நம் மாணவர் தாம் கற்ற நூல்களின் பெயர்களை அடுக்குதலும், கேட்போர் அவற்றின் பயன் அறியாது விழித்தலும் இயல்பாகிவிட்டன.

எழுத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். தமிழ் என்னும் சொல் மூன்றெழுத்தால் ஆயது. யூனிக்கோட்டில் அது ஐந்து குறியீடு: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் அது பதினைந்து பைட்டு. இம்மூன்று எண்களையும் பகுத்தறியாத நிரல், பெயர்க்கு இடமளிக்கும் கட்டத்தில் எழுத்தை நடுவே வெட்டி, புள்ளியை இழந்த மெய்யை உயிர்மெய்யாக்கிவிடும். அன்றியும் யூனிக்கோட்டில் மெய்களின் நிரல் தமிழ் நெடுங்கணக்கின் நிரல் அன்று. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ளகர ழகரங்களின் பின்னும் நிற்கின்றன. புள்ளியின் குறியீடு உயிர்க்குறிகட்குப் பின்னது. எனவே தமிழ் வரிசையைத் தனியே அறிவித்தாலன்றி, அகராதி நிரலில் முன்வர வேண்டிய பக்கம் என்னும் சொல் பகை என்பதன் பின்னே போய் நிற்கும். கொ என்பதனை ஒரே குறியாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறியாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடும் எந்திரத்திற்கு இரண்டு. எழுத்ததிகாரம் பயின்றவர்க்கு இவை ஒரு மாலைப்பொழுதிற் கற்பிக்கத் தக்கவை. கற்பிப்பார் எவரேனும் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

ஈண்டு ஒரு தடை எழும். எந்திரங்கள் இப்பொழுது இலக்கண விதிகளால் இயங்குவதில்லை. பெருந்தொகையான உரைகளினின்று தாமே கற்கின்றன. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இஃது எல்லார்க்கும் தெரிந்த செய்தியாயிற்று. அங்ஙனமாயின் அத்துச் சாரியைக்கு விதி எழுதப் பழகுதல் வீண் உழைப்பன்றோ எனின், அன்று. அத்தகைய எந்திரம் சொல்லைப் பகுப்பது பகுதி விகுதி நோக்கியன்று. எழுத்துத் தொடர்கள் எத்துணை முறை பயின்று வருகின்றன என்பது நோக்கியே. பயின்ற உரைகளுள் ஆங்கிலம் மிக்கும் தமிழ் குறைந்தும் இருப்பின், தமிழ்ச்சொல் பல துண்டாகச் சிதையும். சிலபோது ஓர் எழுத்தின் பைட்டுகளே பிரிந்து நிற்கும். அதனால் ஒரே செய்திக்குத் தமிழில் செலவு மிகுகின்றது. அவ்வெந்திரம் எழுதும் தமிழும் இலக்கண வழு இன்றியே வேற்றுமொழி வாடை வீசுவதாக இருத்தல் உண்டு. வேண்டாத இடத்து ‘ஒரு’ வரும். செய்வினை நிற்க வேண்டிய இடத்தில் ‘ஆல்’ ஏற்ற செயப்பாட்டுவினை வந்து நிற்கும். இவ்வெழுத்தைப் படித்து ‘நன்றாக இல்லை’ என்று கூறுதல் எவர்க்கும் எளிது. ஏன் நன்றாக இல்லை, எவ்விடத்து, எவ்வகை வழு, எத்துணை முறை என்று வகுத்துக் கூறுவாரே நிறுவனங்களால் தேடப்படுவோர். விதி எழுதிப் பழகிய கையே வழுவை வகுக்கும் கையாகும்.

வழு என்றதனால் மற்றொன்றும் நினைவிற்கு வருகின்றது. மென்பொருளிற் பிழை கண்டார் அதனை அறிக்கையாக எழுதிப் பதிதல் அத்தொழிலின் அன்றாட முறை. பிழையோ, பிழையன்றோ, பிழைபோலத் தோன்றினும் ஏற்கத்தக்கதோ என்று மூன்றாக அதனைப் பகுப்பர். வழு, வழாநிலை, வழுவமைதி என்று நம்மவர் பகுத்ததும் இதுவே. உவகையால் ஓர் ஆவினை அம்மை என்றும் அவள் என்றும் கூறுதல் திணைவழுவமைதியாம் என்று அறிந்த மாணவர், இலக்கணத் திருத்தி ஒன்று அதன்கீழ்ச் சிவப்புக் கோடிடுதலைக் கண்டால், அது கருவியின் குறையென்று எழுதுதற்கு வேண்டிய சொற்களைத் தம்மிடத்தே உடையர்.

இனி, வழியின் ஏதங்களைக் கூறுவாம். மலைபடுகடாம் 583 அடியால் ஆயது; பெருங்கௌசிகனார் அவற்றுள் ஒரு பெரும்பகுதியை நன்னன் மலைக்குச் செல்லும் வழியின் இடர்களை எடுத்துரைத்தற்கே செலவிட்டார். பன்றியின்பொருட்டு வைத்த கற்பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் ஆகிய இவற்றையெல்லாம் கூத்தன் கூத்தனுக்கு எச்சரிக்கின்றான். வழியின் அழகை மட்டும் கூறிப் போதல் ஆற்றுப்படையன்று என்பது இதனாற் பெறப்படும். தொழில்நுட்பப் பணிக்கு வழிகாட்டுவோர் பலர் கற்பொறிகளைக் கூறாது விடுகின்றனர்.

முதற் கற்பொறி, வேலை உறுதி என்று கூறிப் பெரும்பொருள் பெறும் தனிப்பயிற்சி நிலையங்கள். அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயின் ஆறு மாதப் பயிற்சிக்குக் கடன்பட்டுப் பணம் கட்டிய பின்னர், அங்குக் கற்பித்தவை இணையத்தில் விலையின்றிக் கிடைப்பன என்று அறிந்து வருந்தும் மாணவர் எத்துணையர்! சேருமுன், முன்னர்ப் பயின்றார் இருவரையேனும் நேரிற் கண்டு வினவுக என்று கூறுதற்கு ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, உருப்படிக் கூலிக்குக் குறியிடும் பணி. எந்திரம் கற்றற்குரிய வாக்கியங்களுக்குச் சொல்வகை குறித்தல், ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குதல் முதலியன இவ்வகைய. தொடக்கத்தில் இப்பணி தீதன்று. கையில் சிறிது பொருளும் பழக்கமும் தரும். ஆயின் வாக்கியம் ஒன்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கில் நாள் முழுதும் உழைத்து, செய்தது இன்னாரென்று எங்கும் பதியாமல், செய்ததை எவரிடத்தும் காட்டக் கூடாதென்னும் ஒப்பந்தமும் எழுதிக்கொடுத்து ஆண்டுகளைக் கழிப்போர், அடுத்த வாயிலுக்குச் செல்லுங்கால் கையிற் காட்டுதற்கு ஒன்றுமின்றி நிற்பர். ஆதலால் கூலிப்பணியோடு தம் பெயர் நிற்கும் பொதுப்பணி ஒன்றனையும் மாணவர் செய்தல் இன்றியமையாதது. விக்கிமூலத்தில் பழநூல்களின் எழுத்துணரிப் பிழைகளைத் திருத்தலாம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளிவருமுன் அச்சான நூல்களில் ணா, னா, றா, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கருவிகள் பிறழ உணர்தல் உண்டு. அவ்வடிவங்களை மயக்கமின்றிப் படிப்போர் தமிழ்த் துறையினரே. ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நிரல்தொகுப்புகளிற் பிழை காணலாம். காமன் வாய்ஸ் என்னும் குரல் தொகுப்பிற்குத் தம் வட்டார வழக்கிற்கு இயைந்த வாக்கியங்கள் அளிக்கலாம். 2005-இல் கூகுள் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டம் ஒவ்வொரு மாணவர்க்கும் மூத்த நிரலாளர் ஒருவரை வழிகாட்டியாக இணைத்தலையே அடிப்படையாகக் கொண்டது. கட்டற்ற மென்பொருட்குப் புதியவர் அனைவரும் அதனுட் புகலாம்.

மூன்றாவது ஏதம் நுண்ணியது. ஒரு கருவியையே கல்வி என்று கொள்ளுதல். 1999-ஆம் ஆண்டை ஒட்டித் தாம், தாப், திஸ்கி முதலிய குறியேற்றங்களை அரிதின் முயன்று கற்றோர் உளர். யூனிக்கோடு நிலைபெற்றபின் அக்குறியேற்றங்கள் வழக்கு வீழ்ந்தன. எழுத்தென்பது யாது, குறியேற்றமென்பது யாது என்று பகுத்துணர்ந்து கற்றோர் எளிதிற் புதியதற்கு மாறினர்; விசைகளை மட்டும் மனப்பாடம் செய்தோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

பெற்றோர் மகளிரைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பத் தயங்குதல், இரவுப் பணி, தங்குமிடம் முதலியவற்றையும் வழிகாட்டுவோர் வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்ப்பெயர் கூறி, ஆங்காங்குக் கிடைக்கும் உணவையும் கூறுகின்றது. அறிவுரை எவ்வளவு உயரியதாயினும் இராத்தங்கும் ஊரைக் கூறாத வழிகாட்டல் பயன்படாது.

இனி இதனைத் துறைகளில் எங்ஙனம் அமைப்பது என்பது வினா. நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு கணக்குக் கூறுகின்றது. ஆசிரியன் உரைத்ததை முற்றக் கொண்டவனும் புலமையிற் காற்கூறே பெற்றவனாவான். உடன்பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு பெறுவான். எஞ்சிய அரைக்கூறும் தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் வருவது. நிறுவனத்திலிருந்து வல்லுநர் ஒருவரை ஆண்டிற்கொருமுறை அழைத்துச் சொற்பொழிவு நிகழ்த்துவித்தல் நம் துறைகளில் வழக்கம். நன்னூலின் கணக்குப்படி அவர் முழுதும் கொடுத்து மாணவர் முழுதும் கொண்டாலும் காற்கூறே. எஞ்சிய முக்காற்கூற்றிற்கு நாம் செய்துள்ள ஏற்பாடு யாது?

உடன்பயில்வார் என்பதற்குக் கணிப்பொறித் துறை முதுகலை மாணவரைத் தமிழ் மாணவரோடு இணைத்தல் தக்கது என்பது எம் கருத்து. ஒருவர் மற்றவர்க்குக் குற்றேவல் புரிபவராக அன்றி, ஒரு பணியை இருவரும் செய்யுமாறு அமைத்தல் வேண்டும். மேலே கூறிய சாரியை விதியைத் தமிழ் மாணவர் சொல்ல, கணிப்பொறி மாணவர் நிரலாக்குக. பின்னர் நிரலைக் கணிப்பொறி மாணவர் விளக்க, அதன் வழுவைத் தமிழ் மாணவர் காண்க. நான்கு திங்களில் தமிழ் மாணவர் நிரல் எழுதவும் ஒருவாறு கற்றிருப்பர். அஃது உடன்விளை பயன். விரித்துரைத்தல் என்னும் அரைக்கூற்றிற்கு, இரண்டாமாண்டு மாணவர் முதலாண்டு மாணவர்க்குக் கற்பித்தலை விதியாக்கலாம். ஆற்றுப்படையின் இலக்கணத்தோடும் இது பொருந்தும். நேற்று அவ்வழி சென்றவன் இன்று செல்பவனை இடைவழியிற் காண்கின்றான். பத்தாண்டு முன் சென்றவர்க்கு வழியில் வைத்த புதிய கற்பொறிகள் தெரியா. ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது, நம் பழைய மாணவருள் இத்தொழிலிற் சேர்ந்தவர் எவர், எந்நிலையில் உளர் என்னும் குறிப்பை முறையாகப் பேணி, இருவரும் எதிர்ப்படுதற்கு இடமளித்தல். பல துறைகளில் அக்குறிப்பு எவரிடத்தும் இல்லை.

பட்டத்திற்கான மதிப்பீடு பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. வாக்கியங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லின் வகை, உருபு, அது தொடரில் எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பவற்றைக் குறித்தமைப்பதனைக் கிளைவங்கி என்பர். பிராகு நகரத்துச் சார்லசு பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு உருவாக்கப்பட்டுப் பின்னர் உலகப் பொதுத் தொகுப்பிற் சேர்ந்த கிளைவங்கி 600 வாக்கியங்களை உடையது. சிறு தொகையே; ஆயினும் தமிழ்த்தொடரைப் பகுக்கும் கருவிகள் பலவற்றிற்கு அதுவே உரைகல்லாக இருந்துவருகின்றது. இத்தகைய பணியை நம் மாணவர் செய்து முதுகலை ஆய்வேடாக அளித்தால், அது தொகுப்பன்றி ஆராய்ச்சியன்று என்று ஒதுக்குவார் உளர். பதவுரையும் கொண்டுகூட்டும் வகுத்தாரைப் பேராசிரியர் என்றும் நச்சினார்க்கினியர் என்றும் போற்றும் மரபினர் இவ்வாறு கூறுதல் வியப்பாகின்றது. ஒரு வாக்கியத்தின் சொற்றொடர்பை எஞ்சாமற் குறித்தல் உரை வகுத்தலே. கற்போன் மட்டும் மாறியுள்ளான்.

ஆய்வேடாக ஏற்பதாயின் அதன் தரத்தை அளக்கும் முறையும் உண்டு. ஒரே ஐம்பது வாக்கியங்களை இரு மாணவர் தனித்தனியே குறித்தல் வேண்டும். இருவர்க்கும் உள்ள உடன்பாட்டை, தற்செயலாக ஒத்தவற்றைக் கழித்து அளத்தற்குக் கோகன் என்பார் 1960-இல் வகுத்த அளவை இன்றும் வழங்குகின்றது. உடன்பட்ட இடங்களினும் மாறுபட்ட இடங்களே ஆராய்ச்சிக்குரியன. அவரை என்பது ‘அவரைப் பார்த்தேன்’ என்புழி உருபேற்ற பெயரோ காய்ப்பெயரோ என்று இருவரும் மாறுபடார். அடுத்து வந்த சொல்லின் பொருள் அதனைத் தெளிவிக்கும். ‘எழுதிக்கொண்டிருந்தான்’ என்பதனை ஒருவர் ஒரு சொல்லாகவும் மற்றவர் மூன்றாகவும் குறிப்பர். கொள், இரு என்பன துணைவினையாய்த் தம் பொருள் இழந்தமையின் ஒரு சொல்லே என்பது ஒருவர் வாதமாகும். ‘எழுதிக்கொண்டே இருந்தான்’ என ஏகாரம் இடையே புகுதலால் பிளவுண்டு என்பது மற்றவர் மறுப்பாகும். இருவர் காரணமும் ஆய்வேட்டிற் பதியப்படுதல் வேண்டும். எதனைக் கொண்டு எந்திரத்திற்குக் கற்பித்தனர் என்பதும் ஏன் என்பதும் அதனை அடுத்து எழுதப்படுதல் வேண்டும்.